பம்பு போச்சு என்றார்கள்: ஒரு பழைய டீசல் வண்டியோடு ஆறு சனிக்கிழமைகள்

காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி ஒரு நொடி உயிர்பெறும். தடதடவென்று நாலு அடி அடித்துவிட்டு அணைந்துவிடும். அதற்கப்புறம் இருபது, முப்பது விநாடி செல்ஃப் அடிக்க வேண்டும். பேட்டரி முனக ஆரம்பிக்கும் நேரத்தில், போனால் போகிறது என்பதுபோல ஒரு சிலிண்டர் பிடிக்கும், பிறகு இன்னொன்று. பின்னால் ஒரே வெள்ளைப் புகை, கண் எரியும். ஐந்து நிமிடம் ஓடிவிட்டால் போதும், ஒன்றுமே நடக்காததுபோல் ஆகிவிடும். அன்றைக்கு முழுக்க எத்தனை தடவை நிறுத்தினாலும் அரைத் திருப்பலில் கிளம்பும். மறுநாள் காலை மறுபடி அதே கூத்து.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1990களில் வந்தது. 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. டீசலை நேராக பிஸ்டன் தலையில் அடிக்காமல், ஹெட்டுக்குள் (சிலிண்டர்களின் மேல்மூடி) இருக்கும் ஒரு சின்ன முன்னறையில் அடிக்கிற பழைய வகை. டீசல் பம்பு ரோட்டரி வகை, ஒரே பிளஞ்சர் (டீசலை அழுத்தும் தண்டு) சுழன்று நாலு இன்ஜெக்டருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். இன்ஜெக்டர்தான் தன் முனையில் இருக்கும் நாசில் வழியாக டீசலைத் தூவுவது. எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டால் மீட்டர் ஒன்று சொல்லும். நடுவில் எத்தனை வருஷம் அதன் கேபிள் அறுந்து கிடந்தது என்பதை அது சொல்லாது.

முதலில் காட்டிய இடத்தில் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை. "பம்பு போச்சு. இறக்கி ஓவர்ஹால் பண்ணிடலாம். அப்படியே நாசில் நாலும் மாத்திடலாம்." அடுத்த இடத்தில் புகையைப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் இல்லைங்க, எஞ்சின் வேலை" என்றார்கள், அதாவது சிலிண்டர் தேய்ந்து காற்றைச் சரியாக நசுக்கவில்லை என்று. இரண்டாமவர் சொன்னதை அப்படியே தள்ளிவிட முடியாது. தேய்ந்த எஞ்சின் சூடானதும் தன் தேய்மானத்தை மறைத்துக்கொள்ளும், காலையில்தான் காட்டிக்கொடுக்கும். ஆனால் பம்பு போயிருந்தால் மதியமும் போயிருக்க வேண்டுமே? அந்தச் சந்தேகத்தில்தான் வண்டியைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்து, மல்டிமீட்டரைத் தேடி எடுத்தேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். "ஒரு நொடி ஓடி அணைகிறது" என்பதிலேயே பாதி விடை இருந்தது. அது எனக்கு மூன்றாவது சனிக்கிழமைதான் உறைத்தது.

முதல் சனிக்கிழமை கரண்டு. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபது மடங்குக்கு மேல் நசுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. மெதுவாக நசுக்கினால் சூடு சுவர் வழியே ஓடிவிடும், பிஸ்டன் ரிங் இடுக்கு வழியே காற்றும் நழுவிவிடும். அதனால் எஞ்சின் நிமிடத்துக்கு 150 சுற்றாவது சுற்றாமல் டீசலிடம் ஒன்றும் எதிர்பார்க்கக் கூடாது. பேட்டரி சும்மா நிற்கும்போது 12.5 வோல்ட். தம்பியை செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பார்த்தால் 10.2. அது மோசமில்லை, 9.6க்குக் கீழே போனால்தான் கவலைப்பட வேண்டும். அப்படியும் எஞ்சின் சுற்றுகிற சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, இழுத்து இழுத்துச் சுற்றியது.

மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் கம்பத்தில் வைத்தேன். கேபிள் முனையில் இல்லை, ஈயக் கம்பத்தின் மேலேயே. இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் வைத்தேன். இரண்டும் ஒரே எர்த்துதான், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். "அடி" என்றேன். 0.9 வோல்ட் காட்டியது. செல்ஃபுக்குப் போக வேண்டிய கரண்டில் ஒரு பங்கு ஏதோ ஒரு துருவில் சூடாகிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கியர்பாக்ஸையும் பாடியையும் இணைக்கும் பின்னல் எர்த்துப் பட்டையைக் கழற்றினேன். வெளியில் நன்றாகத்தான் இருந்தது. போல்ட்டுக்கு அடியில் பச்சைப் பொடி, பின்னலில் பாதி இழை அறுந்திருந்தது. புதுப் பட்டை போட்டு, இரண்டு முகத்தையும் உலோகம் பளபளக்கும்வரை உரசி, மேலே கொஞ்சம் வாஸ்லீன். மறுபடி அளந்தால் 0.15. எஞ்சின் சுற்றுகிற வேகம் காதுக்கே தெரிந்தது.

காலையில் முப்பது விநாடி இருபதானது. அவ்வளவுதான்.

இரண்டாவது சனிக்கிழமை ஹீட்டர் பிளக், அதாவது எஞ்சினைக் கிளப்பும் முன் முன்னறையைக் கரண்டில் சூடாக்கும் முனை. முன்னறை வகை எஞ்சினுக்கு இது இல்லாமல் முடியாது. அறை சின்னதாக இருந்தாலும் சுவர்ப்பரப்பு அதிகம், நசுக்கின சூட்டை உறிஞ்சிவிடும். சோதிப்பது சுலபம். நாலு பிளக்கையும் இணைக்கும் பித்தளைப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும். கழற்றாமல் அளந்தால் நல்லது கெட்டதை மறைத்துவிடும். பிறகு ஒவ்வொரு பிளக்கின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் மின்தடையை ஓம் கணக்கில் பார்க்கலாம். ஒரு ஓம் அல்லது அதற்குக் கொஞ்சம் கீழே இருந்தால் உயிரோடு இருக்கிறது. மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் வருகிற அளவைக் கழித்துவிட வேண்டும், இவ்வளவு சின்ன எண்ணில் அதுவே பாதி இருக்கும். எனக்கு வந்தது: 0.8, 0.9, ஒன்றுமில்லை, 0.8. மூன்றாவது செத்துப்போயிருந்தது.

கழற்றும்போதுதான் கை நடுங்கியது. வருஷக்கணக்காகக் கரி ஏறி இறுகிய பிளக் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால், பத்து நிமிட வேலை ஹெட்டை இறக்குகிற வேலையாகிவிடும். முதல்நாள் இரவே துருநீக்கி எண்ணெய் விட்டு வைத்தேன். காலையில் எஞ்சினைச் சூடாக்கி, சின்ன ரேட்சட்டில் கொஞ்சம் தளர்த்தி, கொஞ்சம் இறுக்கி, மறுபடி தளர்த்தி எடுத்தேன். மூன்றாவது பிளக்கின் முனை கரைந்து கட்டெறும்புத் தலைபோல உருண்டிருந்தது. மற்ற மூன்றும் நேராக, சாம்பல் நிறத்தில் இருந்தன. மூன்றாவது மட்டும் ஏன் இப்படி என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. "பழசு, போயிடுச்சு" என்று நாலும் புதிதாகப் போட்டு பானெட்டை மூடினேன்.

காலையில் வெள்ளைப் புகை கொஞ்சம் குறைந்தது. ஓடி அணைவது அப்படியே இருந்தது.

இந்தக் கட்டத்தில் ஒரு நண்பர் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே டப்பா ஒன்றைக் கையில் கொடுத்தார். வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். அதில் இருக்கும் ஈதர், டீசலுக்கு முன்பே, பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குள் பற்றிக்கொள்ளும். ஹீட்டர் பிளக் செந்தணலாக இருக்கும் எஞ்சினில் அதை அடித்தால், காற்று வாங்கும் குழாயிலேயே வெடிக்கலாம், ரிங் உடையலாம். காலையில் வண்டி எடுக்க வேண்டும் என்பதற்காக எஞ்சினையே பணயம் வைக்க முடியாது.

மூன்றாவது சனிக்கிழமை, காபி குடித்துக்கொண்டு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. ஹீட்டரோ கம்ப்ரஷனோ காரணமென்றால் முதல் அடியிலேயே பிடிக்காது. இது முதல் அடியில் பிடிக்கிறது, பிறகு பட்டினி கிடந்து சாகிறது. பம்புக்குள் ராத்திரி தங்கிய கொஞ்சம் டீசல் எரிகிறது, அதன் பின்னால் காற்று வருகிறது. முப்பது விநாடி செல்ஃப் அடிப்பது அந்தக் காற்றை விழுங்கித் துப்பத்தான்.

இந்த வகை வண்டிகளில் டேங்கில் தனி மோட்டார் கிடையாது. ரோட்டரி பம்பு தன் வயிற்றுக்குள் இருக்கும் சின்ன வேன் பம்பாலேயே (சுழலும் தகடுகள் கொண்டது) டேங்கிலிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. டேங்கிலிருந்து பம்புவரை உள்ள குழாய் முழுக்க உறிஞ்சும் பக்கம். அதில் ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. "எங்கேயும் லீக் இல்லையே" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான். ராத்திரி நின்றதும் அந்த ஓட்டை வழியே காற்று ஏற, குழாயில் இருந்த டீசல் மெதுவாக டேங்குக்கே திரும்பி இறங்கிவிடும்.

பம்பின் வாய்க்கு வரும் ரப்பர் ஹோஸைக் கழற்றி, அதற்குப் பதில் கண்ணாடிபோலத் தெளிவான ஒரு அடி பிளாஸ்டிக் ஹோஸைப் போட்டேன். மிச்ச டீசலை டேங்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பக்கத்திலும் அதுபோல ஒரு துண்டு. எஞ்சின் ஓடும்போது பார்த்தால் பாசிமணி கோர்த்ததுபோல் சின்னச் சின்னக் குமிழி வரிசையாகப் போனது. ரேஸ் கொடுத்தால் குமிழி பெரிதானது. வண்டியை அணைத்துவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஹோஸின் மேல்வளைவில் ஒரு குமிழி கூடியது. பட்டாணி அளவு, பிறகு விரல் அளவு. அரைமணியில் டீசலின் மட்டம் ஹோஸுக்குள் மெல்லப் பின்வாங்கி, வளைவைத் தாண்டி ஃபில்டர் பக்கம் இறங்கிப் போனது. பம்பின் வாயில் வெறும் காற்று நின்றது. பம்பை ஓவர்ஹாலுக்கு இறக்கியிருந்தால் இந்தக் காட்சியைப் பார்க்காமலே போயிருப்பேன்.

பம்பின் மேல் பழி இல்லை என்று உறுதி செய்ய இன்னொரு சோதனை உண்டு, பழைய ஆட்கள் செய்வது. சுத்தமான ஐந்து லிட்டர் கேனில் டீசல் நிரப்பி, பம்பைவிட உயரமாக, நிலையாகக் கட்டிவைக்க வேண்டும். டேங்க், ஃபில்டர் இரண்டையும் விட்டுவிட்டு கேனிலிருந்து நேராகப் பம்புக்கு ஒரு ஹோஸ். ரிட்டர்னையும் அதே கேனில் விடலாம். ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஹீட்டர் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன். ஒரே விநாடியில் பிடித்தது, அணையவில்லை. தம்பி வாசலில் நின்றுகொண்டு, "என்னண்ணே, வேற வண்டியா?" என்றான்.

ஆக, பம்புக்கும் டேங்குக்கும் நடுவில் ஒரு ஓட்டை. கண்டுபிடிக்க இன்னொரு வாரம் ஆனது. முதலில் கண்ணுக்குப்பட்ட கிளிப் எல்லாவற்றையும் மாற்றினேன், பலன் இல்லை. பிறகுதான் புத்தி வந்தது: உறிஞ்சும் பக்கம் ஓட்டையை மறைக்கிறது என்றால், அதையே அழுத்தும் பக்கமாக மாற்றிவிட்டால் காட்டிக்கொடுக்காதா? டேங்க் மூடியை இறுக்கி, அதன் காற்றுப்போக்கியை அடைத்து, ரிட்டர்ன் குழாய் வழியே சைக்கிள் பம்பால் மிக மெதுவாகக் காற்று கொடுத்தேன். மிக மெதுவாக என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். அழுத்தம் 0.2 பார் போதும். டேங்க் ஒன்றும் டயர் இல்லை, அதிகம் போனால் தையலில் பிளந்துவிடும். பக்கத்தில் தீ, சிகரெட், பல்பு எதுவும் இருக்கக் கூடாது.

ஃபில்டர் தலையைச் சுற்றி டார்ச் அடித்தபோது, கேனிஸ்டரும் தலையும் சேரும் விளிம்பில் ஈரம் பூத்தது. கழற்றினால் உள்ளே இரண்டு ரப்பர் சீல், ஒன்றன்மேல் ஒன்றாக. எப்போதோ யாரோ ஃபில்டர் மாற்றியபோது பழைய சீல் தலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது, புதியதை அதன் மேலேயே வைத்து இறுக்கியிருக்கிறார்கள். அந்த யாரோ நானாகவும் இருக்கலாம்.

ஒன்று அதுதான். ஆனால் குமிழி பாதிதான் குறைந்தது. மிச்சம் இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று இணைக்கும் துணி பின்னிய மெல்லிய ரிட்டர்ன் ஹோஸில் இருந்தது. தொட்டால் கையில் கறுப்பு ஒட்டியது, வளைத்தால் வாய்பிளந்தது. கடைசி இன்ஜெக்டரின் முனையை அடைக்கும் சின்ன ரப்பர் குல்லா உளுத்துப்போயிருந்தது. ரிட்டர்னில் ஓட்டை இருந்தால் என்ன என்று நினைக்கத் தோன்றும். வண்டி நிற்கும்போது அந்த வழியாகவும் காற்று பம்புக்குள் இறங்கி, டீசலை டேங்குக்கு விட்டுவிடும். எல்லாவற்றையும் புதிதாக வெட்டிப் போட்டேன். இன்ஜெக்டர் காம்புகளில் கிளிப் வேண்டாம், சரியான அளவு ஹோஸ் தானே பிடித்துக்கொள்ளும்.

இத்தனை கழற்றினால் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் இருக்கும் கைப்பம்பை அமுக்கி அமுக்கி, ஏர் ஸ்குரூவில் நுரை நின்று தெளிந்த டீசல் வரும்வரை விடலாம். பிறகு இன்ஜெக்டர்களில் இரண்டின் பைப் நட்டை அரைச்சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் துளிர்த்ததும் இறுக்கினால் மற்றவை தானாக எடுத்துக்கொள்ளும். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல், நடுவில் ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும். இந்தப் பம்புக்கு டீசல்தான் எண்ணெயும்; வறண்டு சுற்றினால் உள்ளே உரசல் விழும். ஃபில்டரின் அடியில் தண்ணீர்த் திருகையும் ஒருமுறை திறந்தேன். கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்த்தால் டீசலுக்கு அடியில் அரை விரல்கடை தண்ணீர் தனியாக நின்றது. எத்தனை நாளாக இருந்ததோ.

அடுத்த வாரம் முழுக்கக் காலையில் ஒரே திருப்பல். தெளிந்த ஹோஸில் ஒரு குமிழிகூட இல்லை. கதை முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் இப்போது வேறொன்று கேட்க ஆரம்பித்தது. முன்பு செல்ஃப் சத்தத்திலும் புகையிலும் மறைந்திருந்தது: முதல் ஒரு நிமிடம் ஒரு சிலிண்டர் மட்டும் சுத்தியால் தட்டுவதுபோல 'டக் டக்'. கூடவே லேசான வெள்ளைப் புகை, எரியாத டீசல் நாற்றத்தோடு. (வெள்ளைப் புகை என்றதும் எல்லோரும் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போச்சு என்பார்கள். கூலண்ட் உள்ளே கசிந்தால் புகையில் ஒரு இனிப்பு வாடை இருக்கும், அதன் மட்டமும் குறையும். இது கண்ணைக் கரிக்கிற டீசல் வாடை. நீலமாக இருந்தால் எண்ணெய் எரிகிறது. கறுப்பென்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை, முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள்.)

ஐந்தாவது சனிக்கிழமை. எந்தச் சிலிண்டர் என்று பார்க்கும் முறை எளிது. எஞ்சின் ஐடிலில் ஓடும்போது 17 எம்எம் ஸ்பேனரால் ஒவ்வொரு இன்ஜெக்டரின் பைப் நட்டையும் முறையே அரைச்சுற்று தளர்த்துவது. நன்றாக வேலை செய்யும் சிலிண்டர் என்றால் எஞ்சின் தள்ளாடும். தளர்த்தியும் மாற்றமில்லை என்றால் அதுதான் சோம்பேறி. மேலே துணி போட்டு, கண்ணாடி அணிந்து, கையைத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். இந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். முதலில் பெரிதாக வலிக்காமல் இருக்கலாம், ஆனால் நேராக மருத்துவமனைக்குப் போகிற கேஸ். இன்னொன்று: இதெல்லாம் என்னுடையது மாதிரியான பழைய பம்பு வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் புது வகை டீசல்) வண்டியில் பைப்பில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் போகும். ஓடுகிற எஞ்சினில் அங்கே நட்டைத் தொடவே கூடாது.

ஒன்றைத் தளர்த்தினேன், தள்ளாடியது. இரண்டு, நாலு, அதேபோல. மூன்றைத் தளர்த்தியதும் எஞ்சின் மாறவில்லை, ஆனால் 'டக் டக்' நின்றது. அப்போதுதான் அந்த உருண்டுபோன ஹீட்டர் பிளக் முனை நினைவுக்கு வந்தது. சரியாகத் தூவாமல் சொட்டுகிற இன்ஜெக்டர் பக்கத்தில் இருக்கும் ஹீட்டர் முனையை எரித்துவிடும். மூன்று வாரத்துக்கு முன்பே அது சொல்லிவிட்டது.

27 எம்எம் ஆழமான சாக்கெட் போட்டு மூன்றையும் ஒன்றையும் கழற்றி இடம் மாற்றினேன். சத்தம் மூன்றிலேயே நின்றால் எஞ்சினில் கோளாறு, ஒன்றுக்குப் போனால் இன்ஜெக்டரில். ஒன்றுக்குப் போனது. நல்ல செய்தி. ஆனால் கூடவே புதிதாக ஒரு சத்தம், 'சுஃப் சுஃப் சுஃப்' என்று ரயில் என்ஜின்போல. அது முழுக்க என் தவறு. இன்ஜெக்டருக்கு அடியில் நடுவில் ஓட்டையோடு ஒரு மெல்லிய தட்டுபோல வெப்ப வாஷர் இருக்கும். ஒருமுறை நசுங்கியபின் மறுபடி அடைக்காது, ஒவ்வொரு தடவையும் புதிது போட வேண்டும். போதாக்குறைக்கு அதற்கு மேல், கீழ் என்று பக்கம் உண்டு. "இடம் மாத்திப் பாக்கத்தானே" என்று பழையதையே போட்டேன், அதில் ஒன்றைத் தலைகீழாகவும் போட்டிருந்தேன். பத்து நிமிடத்தில் இன்ஜெக்டரைச் சுற்றி தார்போலக் கறுப்பு நுரை கட்டிவிட்டது. மறுபடி, இந்தத் தடவை நாலையும் கழற்றி, குழியின் அடியை மரக்குச்சியில் சுற்றிய துணியால் துடைத்து சுத்தம் செய்ததில் ஒரு பொழுது போனது.

இன்ஜெக்டர் நாலும் வெளியே இருந்ததால், சும்மா இருப்பானேன் என்று கம்ப்ரஷனும் பார்த்தேன். பெட்ரோல் வண்டி கேஜ் இதற்கு உதவாது, அதன் எண்ணே போதாது. இரவலாக வாங்கிய டீசல் கேஜில் வந்தவை: 29, 30, 28, 29 பார். மேனுவல் கேட்பது குறைந்தது 26. "எஞ்சின் வேலை" அத்தோடு போனது. கம்ப்ரஷன் குறைவாக வந்தால் சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு மறுபடி அளக்கிற பழக்கம் பெட்ரோல் வண்டிக்காரர்களிடம் உண்டு. டீசலில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் இடம் மிகக் குறைவு. கொஞ்சம் அதிகமாக விட்டுவிட்டால் எண்ணெய் நசுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும்.

இன்ஜெக்டர்களை டெஸ்ட் பெஞ்ச் இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போனேன். கைப்பிடியை அமுக்கியபோது நல்லவை மூன்றும் 130 பாரை ஒட்டி 'கிர்ர்' என்ற அதிர்வோடு கூம்புபோலத் தூவின. கோளாறானது 95லேயே திறந்துகொண்டது. தூவவில்லை, ஒரே கோடாகப் பீய்ச்சியது. அமுக்கியதை விட்ட பிறகும் முனையில் ஒரு சொட்டு கூடி, தயங்கி, விழுந்தது. அந்த ஒரு சொட்டுதான் 'டக் டக்', அதுதான் வெள்ளைப் புகை, அதுதான் ஹீட்டரைத் தின்றது. புது நாசில் போட்டு, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துத் திறக்கும் அழுத்தத்தை மற்றவற்றோடு பொருத்திக் கொடுத்தார்கள். நாலுக்கும் புது வாஷர், இந்தத் தடவை பக்கம் பார்த்து. டார்க் ரெஞ்சில் மேனுவல் சொன்ன அளவுக்கு இறுக்கினேன்.

ஆறாவது சனிக்கிழமை பெரிய வேலை எதுவும் இல்லை. ஹோஸ் தேடும்போது கண்ணில்பட்ட சில்லறைகளை முடித்தேன். காலையில் முதல் பிரேக் மட்டும் கல்லாக இருக்கும், அதை இத்தனை நாள் பிரேக் கோளாறு என்றே நினைத்திருந்தேன். இந்த டீசலில் காற்றுவழியை அடைக்கும் த்ராட்டில் இல்லாததால் எஞ்சின் தானாக வேக்குவம் (வெற்றிடம்) தராது. ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தனி வேக்குவம் பம்புதான் பிரேக் பூஸ்டருக்கு உழைக்கிறது. அதன் ஹோஸில் நடுவே இருக்கும் ஒருவழி வால்வு ஒட்டிக்கிடந்தது. வாயால் ஊதிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் போனது. மாற்றிவிட்டேன். தெர்மோஸ்டாட்டையும் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், ஒழுங்காகத் திறந்து மூடியது, திருப்பிப் போட்டுவிட்டேன். டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு எந்தத் துப்பும் இல்லை. அதை அடுத்து மாற்றியே ஆக வேண்டும், அறுந்தால் வால்வு பிஸ்டனில் முட்டும்.

காலையில் இப்போது ஹீட்டர் விளக்கு அணைந்ததும் இரண்டு சுற்றில் பிடிக்கிறது. தெளிந்த ஹோஸைக் கழற்றிவிட்டு டீசல் தாங்கும் ரப்பர் ஹோஸ் போட்டேன். சாதாரண பிளாஸ்டிக் டீசலில் ஊறி மஞ்சளாகி விறைத்துவிடும், சோதனைக்கு மட்டும்தான் ஆகும்.

பம்பின் மேல் பழி இல்லை என்று எழுதினேன், அதை முழுசாகக் காப்பாற்ற முடியவில்லை. பம்புக்குக் கீழே ஒரு வெள்ளை அட்டை வைத்திருக்கிறேன். மூன்று நாளைக்கு ஒருமுறை அதில் ஒரு டீசல் பொட்டு விழுகிறது, ஆக்ஸிலரேட்டர் லீவரின் தண்டுப் பக்கத்திலிருந்து. இந்த வயசுப் பம்புகளில் உள்ளே இருப்பது நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங். பழைய டீசலில் இருந்த அரோமாட்டிக் சேர்மங்கள் அதை ஊதவைத்து அடைப்பாக வைத்திருந்தன. கந்தகத்தைக் குறைக்கச் சுத்திகரித்தபோது அரோமாட்டிக்கும் குறைய, பழகிப்போன ரப்பர் சுருங்கிக் கசிகிறது. அந்தத் தண்டின் ஓ-ரிங்கைப் பம்பை இறக்காமலே மாற்றலாம். மேல்மூடியைத் தூக்கும்போது உள்ளே, எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் ஸ்பிரிங்கின் கொக்கி கழன்றுகொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். 'விட்டான்' (Viton) என்ற வேறு வகை ரப்பரில் செய்த சீல் செட் வாங்கி வைத்திருக்கிறேன். மூடியைத் திறக்கும் முன் லீவரும் தண்டும் எந்தப் பல்லில் பொருந்தியிருக்கின்றன என்று கீறி அடையாளம் வைக்க, நல்ல கூரான ஆணி ஒன்று தேட வேண்டும்.